கைப்பேசிக்குள் ஆடும் ஊஞ்சல்

மெர்கோங் வயல் வரப்பில் நின்று ஓர் இளைஞர் கைப்பேசியில் வீடியோ எடுக்கிறார். காற்று பலமாக வீசுகிறது, கை நடுங்குகிறது. ஆனால், வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் படம் அவ்வளவாக நடுங்கவில்லை. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதைக் கைப்பேசி அந்தக் கணமே அறிந்து, அதற்கேற்பப் படத்தைச் சரிசெய்துகொண்டது. அதற்கு எப்படித் தெரிந்தது?

கைப்பேசிக்குள் ஒரு சிறு சில்லு. அந்தச் சில்லுக்குள் மெல்லிய சிலிக்கான் பட்டைகளால் தாங்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எடை. அது வேலை செய்யும் நேரமெல்லாம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசி திரும்பும்போது, ஆடிக்கொண்டிருக்கும் அந்த எடை சற்றே பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை அளந்துதான் திருப்பத்தின் வேகம் கண்டுபிடிக்கப்படுகிறது. 2010-ல் வெளிவந்த ஐபோன் 4-க்குப் பிறகு இத்தகைய சுழல் உணரி கைப்பேசிகளில் பரவலானது. ஈரச் சாலையில் கார் வழுக்கும்போது தானாகவே சக்கரங்களைப் பிடித்து நேராக்கும் பாதுகாப்பு அமைப்பிலும் இதே வகை உணரிதான் இருக்கிறது. அங்கே அது தவறாகச் சொன்னால் கெடுவது படம் அல்ல, உயிருக்கே ஆபத்து.

அலோர்ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் நெல் வயலும் உண்டு, தொழிற்பேட்டையும் உண்டு. அங்கிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தெற்கே போனால் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வரும். 1996-ல் திறக்கப்பட்ட அது, நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. அங்குள்ள சில்தெரா ஆலை 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தட்டுகளில் சில்லுகளைத் தயாரிக்கிறது. மின்சுற்றோடு அசையும் நுண் இயந்திரங்களையும் ஒரே தட்டில் கட்டும் தொழில்நுட்பம் அங்கே உண்டு. ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த கெடாவில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மின்னியல் ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கையில் அன்றாடம் புழங்கும் பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் படித்த அதிர்வு விதி, அந்தச் சில்லுக்குள் ஓர் எல்லை வரைதான் செல்லும். எல்லையைத் தாண்டினால் பட்டை துள்ளும், தாவும், சில வேளை ஒட்டிக்கொண்டு திரும்பியே வராது.

முடியை விட மெல்லிய பாலம்

ஆற்றின் குறுக்கே போட்ட பாலத்தைப் போல இரு முனைகளும் இறுகப் பிடிக்கப்பட்ட ஒரு சிலிக்கான் பட்டையை எடுத்துக்கொள்வோம். நீளம் 200 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. தடிமன் 2 மைக்ரான். மனிதத் தலைமுடி ஏறத்தாழ 80 மைக்ரான் பருமன் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பட்டை அதில் நாற்பதில் ஒரு பங்கு. பட்டைக்கு அடியில் 2 மைக்ரான் இடைவெளி. அந்த இடைவெளிக்குக் கீழே ஒரு மின்முனை.

இவ்வளவு சிறிய பாலத்தை எப்படிக் கட்டுகிறார்கள்? அந்தக் காலத்தில் வளைவு கட்டிய கொத்தனார் முதலில் மண்ணைக் குவித்து, அதன்மேல் செங்கல் அடுக்கி, சாந்து இறுகியதும் அடியிலிருந்த மண்ணைத் தோண்டி எடுப்பார். இங்கும் அதே கதைதான். முதலில் ஒரு படலம் இடுகிறார்கள். அதன்மேல் சிலிக்கான் படலத்தை வளர்த்து வேண்டிய வடிவில் செதுக்குகிறார்கள். பிறகு அடிப் படலத்தை மட்டும் வேதிப்பொருளால் கரைத்துவிடுகிறார்கள். பாலம் அந்தரத்தில் நிற்கிறது.

இந்தப் பட்டையைத் தட்டிவிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 40 ஆயிரம் முறை அதிரும். அதுதான் அதன் இயல்பான அதிர்வெண். நீளம் குறையக் குறைய அது கிடுகிடுவென்று ஏறும். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகும்.

ஆனால், இதைத் தட்டிவிட விரல் ஏது? அதற்கு மின்சாரம்தான் விரல். பட்டைக்கும் அடியில் உள்ள மின்முனைக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கின் அருகே கொண்டுபோனால் துணுக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதே நிலைமின் விசை. பெரிய உலகில் காகிதத்தைத் தூக்கத்தான் அது உதவும். மைக்ரான் அளவு இடைவெளியிலோ சில வோல்ட் மின்னழுத்தமே பட்டையை ஆட்டப் போதும்.

இது புதிய எண்ணமல்ல. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஹார்வி நாதன்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1960-களிலேயே மெல்லிய தங்கப் பட்டை ஒன்றை மின்விசையால் அதிரவைத்து, வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் கருவியைச் செய்தார்கள். 1967-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று.

ஊஞ்சலும் நேர்விகிதமும்

மரக்கிளையில் கயிறு கட்டிப் பிள்ளை ஊஞ்சல் ஆடுகிறது. பின்னால் நிற்கும் அக்காள், ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் இலேசாகத் தள்ளுகிறாள். தள்ளல் சிறியதுதான், ஆனால், ஊஞ்சலின் தாளத்தோடு பொருந்துவதால் ஆட்டம் பெரிதாகிறது. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. நுண்பட்டைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதன் இயல்பான அதிர்வெண்ணுக்குப் பொருந்தும்படி ஏற்றி இறக்கினால், சிறு விசையிலேயே நல்ல ஆட்டம் கிடைக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நேர்மின்னாக இருந்தாலும் எதிர்மின்னாக இருந்தாலும் மின்முனை பட்டையை இழுக்கத்தான் செய்யும், ஒருபோதும் தள்ளாது. அதனால், ஊசலாடும் மின்னழுத்தத்தை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இழுப்பு விழும். பட்டை இரட்டைத் தாளத்தில் இழுபடும். இதைத் தவிர்க்க, மாறாத ஒரு மின்னழுத்தத்தை அடித்தளமாக வைத்து, அதன்மேல் சிறு ஊசலாட்டத்தைச் சேர்க்கிறார்கள். அப்போது பட்டை எப்போதும் சற்று இழுபட்ட நிலையில் நின்றபடி, கொடுத்த தாளத்திலேயே ஆடும். இந்த அடித்தள மின்னழுத்தம் பின்னால் வரும் கதையில் முக்கியப் பாத்திரம்.

பள்ளியில் படித்த விதி இதுதான்: இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு ஆட்டம், ஆட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் தாளம் மாறாது. நேர்விகித விதி. ஊஞ்சல் சிறிதாக ஆடும்வரை இது பொருந்தும். ஆனால், கயிறு கிடைமட்டமாகும் அளவுக்கு, அதாவது 90 பாகை வரை ஆட்டினால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடிவிடும். பெரிய ஆட்டத்தில் தாளம் மெதுவாகிறது. நேர்விகிதம் அங்கே முறிகிறது. நுண்பட்டையில் அது முறைய இரண்டு காரணங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் எதிர்த் திசையில் இழுக்கும்.

ஒன்று இறுக்கும், ஒன்று தளர்த்தும்

முதல் காரணத்தை வீணை வாசிப்பவர்கள் நன்கு அறிவார்கள். மெட்டின்மேல் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறும். இழுக்கும்போது தந்தி நீள்கிறது. நீண்டால் இறுக்கம் கூடுகிறது. இறுக்கம் கூடினால் அதிர்வெண் ஏறுகிறது. இரு முனையும் பிடிக்கப்பட்ட நுண்பட்டைக்கும் இதே நிலைதான். நேராக இருக்கும்போது உள்ள நீளத்தைவிட வளைந்திருக்கும்போது நீளம் அதிகம். முனைகள் நகர்ந்து கொடுக்காததால் பட்டைதான் நீள வேண்டும். ஆட்டம் பெரிதாகப் பெரிதாக அது தானாகவே இறுகி, வேகமாக அதிரும்.

இரண்டாவது காரணம் மின்விசை. இடைவெளி பாதியானால், அதே மின்னழுத்தத்தில் இழுப்பு நான்கு மடங்காகும். பட்டை கீழே நெருங்க நெருங்க இழுப்பு கண்மூடித்தனமாக ஏறுகிறது. பட்டையின் வில் விசை மேலே இழுக்கிறது. மின்விசை கீழே இழுக்கிறது. அதனால் பட்டை உண்மையில் இருப்பதைவிடத் தளர்ந்ததைப் போல் நடந்துகொள்ளும்; மெதுவாக அதிரும். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிச் சுருதி ஏற்றுவது போல, இங்கே மின்னழுத்தத்தைக் கூட்டிச் சுருதியை இறக்கலாம்.

ஆனால், அந்தத் தளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. வில்லில் தொங்கும் தட்டையான தகடு ஒன்றைக் கணக்கில் எடுத்தால், அது இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை வில் தாக்குப்பிடிக்கும். 2 மைக்ரான் இடைவெளியில் அது ஏறத்தாழ 0.67 மைக்ரான். அதற்கு மேல் ஒரு துளி இறங்கினாலும் மின்விசை கூடும் வேகத்துக்கு வில் விசையால் ஈடுகொடுக்க முடியாது. தகடு படாரென்று கீழே விழுந்து ஒட்டிக்கொள்ளும். நாதன்சன் குழுவினர் அன்றே இந்த ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டினர்.

மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றும்போது கிடைக்கும் எல்லை இது. திடீரென்று கொடுத்தால் தகடு தன் வேகத்தில் எல்லையைத் தாண்டிவிடும். உராய்வு இல்லாத நிலையில், மெதுவாக ஏற்றும்போது தேவைப்படும் மின்னழுத்தத்தில் 92 விழுக்காடு இருந்தாலே ஒட்டிக்கொள்ளும். ஒத்ததிர்வில் ஆடிக்கொண்டிருக்கும் பட்டைக்கோ அதைவிடக் குறைந்த மின்னழுத்தமே போதும். வரப்பில் மெதுவாக நடப்பவர் ஓரம் வரை போகலாம். ஓடிவருபவர் அதற்கு முன்பே சேற்றில் விழுவார்.

ஒட்டிய பட்டை சில வேளை மின்சாரத்தை நிறுத்தினாலும் பிரிவதில்லை. அவ்வளவு சிறிய உலகில் இரு பரப்புகள் தொட்டுக்கொண்டால் அவற்றின் இயல்பான ஒட்டும் தன்மையே வில் விசையை வென்றுவிடும். அந்தச் சில்லு பிறகு குப்பைக்குத்தான்.

ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு

ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் போகாவிட்டாலும் இன்னொரு விசித்திரம் காத்திருக்கிறது. இறுகும் பட்டை ஒன்றை ஆட்டி, கொடுக்கும் அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போவதாகக் கொள்வோம். ஆட்டம் பெரிதாகிறது. பெரிதானதும் பட்டையின் சொந்த அதிர்வெண்ணும் ஏறுகிறது. துரத்துபவர் நெருங்க நெருங்க ஓடுபவரும் முன்னே ஓடுவதைப் போல, கொடுத்த தாளமும் பட்டையின் தாளமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே போகின்றன. ஒரு கட்டத்தில் பட்டையால் தொடர முடியவில்லை. ஆட்டம் சட்டென்று சரிந்துவிடுகிறது.

இப்போது அதிர்வெண்ணை மேலிருந்து இறக்கிக்கொண்டு வந்தால், சரிந்த அதே இடத்தில் ஆட்டம் மீண்டும் எழும்பாது. இன்னும் கீழே வந்த பிறகுதான் திடீரென்று மேலே தாவும். ஏறும்போது விழுந்த இடம் ஒன்று. இறங்கும்போது எழுந்த இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில், ஒரே மின்னழுத்தம், ஒரே அதிர்வெண், ஒரே பட்டை. ஆனால், இரண்டு விதமான ஆட்டம். எது நடக்கும் என்பது பட்டை எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட அதிர்வை ஜெர்மன் பொறியாளர் கியோர்க் டஃபிங் 1918-ல் ஒரு நூலாகவே எழுதினார். அவர் காலத்தில் நுண்பட்டை கிடையாது. பெரிய இயந்திரங்களின் அதிர்வுதான் அவருடைய கவலை. ஆனால், அவர் எழுதிய சமன்பாடுதான் இன்று கைப்பேசிச் சில்லை வடிவமைப்பவரின் மேசையிலும் இருக்கிறது.

பட்டை எவ்வளவு ஆடினால் இந்தத் தாவல் தொடங்கும்? சில்லுக்குள் காற்றை வெளியேற்றி வெற்றிடமாக்கி வைத்திருப்பதால் உராய்வு மிகக் குறைவு. ஒரு முறை தட்டினால் பட்டை பல்லாயிரம் முறை அதிரும். உராய்வு குறையக் குறைய ஒத்ததிர்வு கூர்மையாகும். கூர்மையான ஒத்ததிர்வில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும். ஆகவே 2 மைக்ரான் தடிமனுள்ள நல்ல பட்டை, சில பத்து நானோமீட்டர் ஆடினாலே நேர்விகித எல்லையைத் தொட்டுவிடும். அது தன் தடிமனில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

கூரையும் தரையும்

அப்படியானால் ஆட்டத்தை மிகச் சிறிதாக வைத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். அதுதான் முடியாது. எந்தப் பொருளும் அறை வெப்பத்தில் சும்மா இருப்பதில்லை. அதன் அணுக்கள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த நடுக்கத்தில் பட்டையும் இலேசாகத் தள்ளாடுகிறது. அதை அளக்கும் மின்சுற்றிலும் இரைச்சல் உண்டு. ஆட்டத்தை மிகவும் குறைத்தால், சந்தை இரைச்சலில் காதோடு பேசிய பேச்சைப் போல, கேட்க வேண்டிய குறிப்பு காணாமல் போகும்.

ஆக, மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை. கூரைக்கு மேல் போனால் தாவல். தரைக்குக் கீழே போனால் இரைச்சல். பட்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ வேண்டும். பட்டை சிறியதாகச் சிறியதாகக் கூரை இறங்குகிறது, தரை ஏறுகிறது. நுண் இயந்திரத் துறையின் பெரிய சங்கடமே இதுதான். சில்லு சிறியதானால் விலை குறையும், இடம் மிச்சமாகும். ஆனால், அது நம்பகமாக ஆடக்கூடிய அறையும் குறுகிக்கொண்டே வரும்.

சுழல் உணரி ஆட்டத்தின் அளவை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்க ஒரு காவல் சுற்று ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆட்டம் சற்றுக் கூடினால் அதிர்வெண் நகரும். அதிர்வெண் நகர்ந்தால் அளவு பிசகும்.

கடிகாரத்துக்கும் இதே கவலை உண்டு. நீண்ட காலமாகக் கைக்கடிகாரங்களில் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம்தான் நேரம் சொல்லி வந்தது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து அதற்குப் போட்டியாக நுண் சிலிக்கான் அதிர்விகள் சந்தைக்கு வந்தன. அவை எவ்வளவு நுட்பமானவை என்பதை 2018-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் நடந்த சம்பவம் காட்டியது. புதிய உடல் வருடிக் கருவியைப் பொருத்தும்போது ஹீலியம் வாயு கசிந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 40 ஆப்பிள் கைப்பேசிகளும் கைக்கடிகாரங்களும் செயலிழந்தன. மற்றக் கைப்பேசிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹீலியம் அணு மிகச் சிறியது. மூடி முத்திரையிட்ட சில்லின் சுவர் வழியாகவே உள்ளே நுழைந்து வெற்றிடத்தைக் கெடுத்துவிட்டது. கடிகாரம் நின்றால் கைப்பேசியே நின்றுவிடும். சில நாள்களில் வாயு வெளியேறியதும் பெரும்பாலானவை மீண்டும் உயிர்பெற்றன.

திருச்சி மண்ணில் பிறந்தவர் கண்ட தாளம்

முரட்டு மாட்டை அடக்கத் தெரிந்தவருக்கு அதை ஏரில் பூட்டவும் தெரியும். நேர்விகிதத்துக்கு அடங்காத இந்தக் குணத்தை வேலை வாங்கவும் வழிகள் உண்டு. அதில் ஒரு வழிக்குத் தமிழரான ஓர் அறிவியலாளரின் இளமைக்கால ஆய்வோடு உறவு இருக்கிறது.

மீண்டும் ஊஞ்சலுக்குப் போவோம். தள்ள ஆள் இல்லாதபோது பிள்ளைகள் பலகையின்மேல் நின்றுகொண்டு, உட்கார்ந்து எழுந்து உந்தி ஆடுவார்கள். ஊஞ்சல் கீழே வரும்போது எழுவார்கள். மேலே போய் நிற்கும்போது குந்துவார்கள். ஒரு முழு ஆட்டத்துக்குள் இரண்டு முறை எழுந்து குந்த வேண்டும். இங்கே யாரும் ஊஞ்சலைத் தள்ளவில்லை. ஊஞ்சலின் தன்மையை இரட்டைத் தாளத்தில் மாற்றியதே அதை ஆட்டுகிறது.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனார். பகலில் கணக்கு அலுவலகம். மற்ற நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். ஒளிச்சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், அவருடைய மனம் தந்திகளிலும் தோல் கருவிகளிலும்தான் இருந்தது.

தந்தி ஒன்றின் முனையை இசைக்கவையில் கட்டி, கவை அதிரும்போது தந்தி நீளவாக்கில் இழுபட்டுத் தளரும்படி அவர் செய்தார். தந்தியின் இறுக்கம் ஏறி இறங்குகிறது. யாரும் பக்கவாட்டில் தட்டாமலேயே தந்தி பக்கவாட்டில் அதிரத் தொடங்குகிறது. கவையின் அதிர்வெண்ணில் பாதியில் தந்தி அதிரும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே மெல்டெ என்ற ஜெர்மானியரின் சோதனையால் தெரிந்திருந்தது. ராமன் அதைத் தாண்டிப் போனார். தந்தியின் சொந்த அதிர்வெண், கவையின் அதிர்வெண்ணில் பாதியின் எந்த முழு மடங்காக இருந்தாலும் இது நிகழும் என்று காட்டினார். கவை விநாடிக்கு 60 முறை அதிர்ந்தால், 30, 60, 90, 120 என்று சுருதி கூட்டப்பட்ட தந்திகளெல்லாம் அதற்கு இசையும். 1912-ல் இந்த ஆய்வுகள் விரிவாக வெளிவந்தபோது அவருக்கு வயது 24 தான்.

86 ஆண்டுகள் கழித்து, 1998-ல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி டர்னர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் மின்விசையால் முறுக்கி ஆடும் நுண் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் சொந்த அதிர்வெண்ணைப் போல் 2 மடங்கு, 1 மடங்கு, மூன்றில் இரண்டு, பாதி, ஐந்தில் இரண்டு என்ற ஐந்து தாளங்களிலும் அது துள்ளி எழுவதைக் கண்டு நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பெரிய இயந்திரங்களில் உராய்வு இவற்றில் பலவற்றை விழுங்கிவிடும். வெற்றிடத்தில் ஆடும் நுண் அமைப்பில் ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன. இந்த ஐந்தையும் திருப்பிப் போட்டால் ராமன் தந்தியில் கண்ட அதே வரிசை வரும். தந்திக்குப் பதில் சிலிக்கான்; இசைக்கவைக்குப் பதில் மின்னழுத்தம்; விதி ஒன்றே.

இதனால் என்ன பயன்? இந்த வகை ஆட்டம் ஓர் எல்லை வரை எழவே எழாது; எல்லையைத் தொட்டதும் திடீரென்று எழும். பட்டையை எல்லையின் விளிம்பில் நிறுத்திவைத்தால், அதன்மேல் படியும் நுண்ணிய துகளின் எடை கூட அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். சிறு மாற்றத்தைப் பெரிய அடையாளமாகக் காட்டும் உணரி கிடைக்கிறது. விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்தினால், வரும் மெல்லிய அதிர்வைப் பெருக்கிக் காட்டும். ஐபிஎம் ஆய்வாளர்கள் ரூகரும் க்ரூட்டரும் 1991-லேயே நுண்பட்டையில் இதைச் செய்துகாட்டினார்கள்.

இன்னொரு வழி, எதிரிகள் இருவரையும் மோதவிடுவது. பட்டை நீள்வதால் வரும் இறுக்கம் அதிர்வெண்ணை ஏற்றுகிறது, மின்விசை இறக்குகிறது. அடித்தள மின்னழுத்தத்தைச் சரியாகத் தேர்ந்தால் ஒன்றின் குற்றத்தை மற்றது பெருமளவு ஈடுசெய்யும். பட்டை முன்பைவிடப் பெரிதாக ஆடினாலும் தாளம் பிசகாது. இறங்கிவந்த கூரை மீண்டும் சற்று உயர்கிறது. இதற்குப் புதிய பொருளும் தேவையில்லை; எத்தனை வோல்ட் என்று தெரிந்தால் போதும்.

மேசைமேல் ஒரு சோதனை

சில்லுகளைச் சோதிக்கும் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அதிர்வெண்ணைக் கீழிருந்து மேலே ஏற்றி ஆட்டத்தைப் பதிவு செய்கிறார். எல்லாம் சரி. வேறொருவர் அதே சில்லை மேலிருந்து கீழே இறக்கிச் சோதிக்கிறார். வேறு வரைபடம் வருகிறது. சில்லு பழுதா, கருவி பழுதா என்று இருவரும் குழம்பலாம். நல்ல சில்லு குப்பைக்குப் போகலாம். டஃபிங்கின் தாவலை அறிந்தவரோ, ஆட்டும் மின்னழுத்தத்தைக் குறைத்து மறுபடி சோதித்துப் பார்ப்பார். இரு வரைபடமும் ஒன்றாகிவிட்டால் பழுது எதுவும் இல்லை. கூரையைத் தாண்டி ஆட்டியதுதான் தவறு. அதே ஆலை, அதே மேசை, அதே சில்லு. அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு பாடம்தான்.

அந்தப் பாடம் எட்டாத உயரத்தில் இல்லை. பள்ளியில் படிக்கும் அதிர்வுச் சமன்பாட்டில் விசை, விலகலுக்கு நேர்விகிதம். டஃபிங் அதோடு விலகலின் மும்மடிப் பெருக்கத்தைக் கொண்ட ஓர் உறுப்பைச் சேர்த்தார். இவ்வளவுதான் வேறுபாடு. மும்மடி என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு இதன் வாசல் திறந்தே இருக்கிறது.

வாசலைத் தொட்டுப் பார்க்க ஆய்வுக்கூடமும் வேண்டாம். இரும்பு அடிக்கோல் ஒன்றின் ஒரு முனையை மேசை ஓரத்தில் இறுகப் பிடித்து, மறுமுனை அந்தரத்தில் நீட்டியிருக்கும்படி வைக்க வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று போதும். கோலைத் தட்டிவிட்டு, காந்தத்தைக் கீழிருந்து மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்தால் கோலின் அதிர்வு மெதுவாவதைக் கண்ணாலேயே காணலாம். இன்னும் சற்று அருகே கொண்டுவந்தால் கோல் பொறுமையிழந்து படக்கென்று காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தத்தை அதே தொலைவுக்குப் பின்னால் இழுத்தாலும் கோல் விடாது. அதைவிட அதிக தூரம் இழுத்த பிறகுதான் விடுபடும். ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு.

தளர்ச்சி, ஒட்டல், திரும்பும் வழியில் வேறுபாடு மூன்றும் மெர்கோங்கில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நடந்துவிடும். கூலிம் ஆலையில் பிறக்கும் பட்டை அந்த அடிக்கோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. ஆனால், அது கேட்டு நடக்கும் விதி வேறல்ல.